மையமா, விளிம்பா, நடுவிலா: பரந்த பெருநகரில் முதல் வீட்டை எங்கே பார்ப்பது?

பெருநகரம் ஒன்றுக்குக் குடிபெயரப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் சிக்கி நிற்கிறார்கள். கையில் நான்கு வீடுகளின் விவரம் இருக்கும். ஒன்று ஊரின் நட்டநடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய அளவில். இன்னொன்று புதிதாகச் சேரவிருக்கும் அலுவலகத்துக்குப் பக்கத்தில். மூன்றாவது மையத்துக்கும் விளிம்புக்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டி. நான்காவது ஊர் முடிகிற இடத்தில், முதல் வீட்டின் வாடகையில் பாதிக்கு, இரண்டு மடங்கு இடத்தோடு. நான்கின் படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிவு வராது. பரந்து கிடக்கும் நகரத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு வழித்தடத்தையும் நாம் வாடகைக்கு எடுக்கிறோம். வீட்டுக்கான வாடகை மாதம் ஒரு முறை போகிறது. வழித்தடத்துக்கான வாடகை நாள்தோறும் காலையிலும் மாலையிலும் போகிறது, அதற்கு ரசீதும் கிடையாது.

பரப்பு என்பது எவ்வளவு என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. பாரிஸ் நகராட்சியின் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டர். லாஸ் ஏஞ்சலஸ் நகர எல்லைக்குள் இருக்கும் நிலம் மட்டும் சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். அதே பெயருள்ள மாவட்டத்துக்குள் தனித்தனி நகராட்சிகளாக 88 ஊர்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ‘அந்த நகரத்துக்குக் குடிபோகிறேன்’ என்று சொல்வதில் தகவல் அதிகம் இல்லை. எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு, எத்தனை மணிக்கு, எதில் ஏறிப் போகப் போகிறோம் என்பதுதான் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

## எதை வைத்து அளப்பது

கதவிலிருந்து கதவு வரையிலான நேரம். கிலோமீட்டரை மறந்துவிடலாம். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், வாகனங்கள் எவ்வளவு வேகமெடுத்தாலும் மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிட்டு வந்திருக்கிறார்கள் என்று வாதிட்டார். போக அரை மணி, வர அரை மணி என்ற இந்தக் கணக்கு விதி அல்ல. ஆனால் அதை எவ்வளவு தாண்டுகிறோம் என்று பார்க்க நல்ல அளவுகோல். எண்ணும்போது நேர்மையாக எண்ண வேண்டும். நான் ஒரு வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்க்கப் போனேன். வரைபடச் செயலி 34 நிமிடம் என்று காட்டியது, நானும் நம்பினேன். குடியேறிய பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போனேன்: லிஃப்டுக்குக் காத்திருந்தது 3 நிமிடம், நிலையம் வரை நடை 12, முதல் ரயிலில் ஏற முடியாமல் அடுத்ததுக்காக நின்றது 7, ரயிலுக்குள் 31, கூட்டத்தோடு படியேறி வெளியே வந்தது 5, அங்கிருந்து பேருந்தில் 16. மொத்தம் 74. செயலி பொய் சொல்லவில்லை. அது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னது.

நேரத்தின் நிச்சயம். தினமும் 55 நிமிடம் ஆகும் வழியும், நான்கு நாள் 40 நிமிடமும் ஒரு நாள் 115 நிமிடமும் ஆகும் வழியும் சராசரியில் ஒன்றுதான். வாழ்ந்து பார்த்தால் இரண்டாவதுதான் கொடுமை. அந்த ஒரு நாள் எது என்று முன்கூட்டித் தெரியாததால், முக்கியமான வேலையுள்ள எந்த நாளிலும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும்.

வாடகையும் பயணமும் சேர்ந்த செலவு. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும் என்பது பழைய கணக்கு. அமெரிக்காவில் வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீடு, இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருப்பதையே தாங்கக்கூடிய செலவாக வைக்கிறது. பரந்த நகரங்களுக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும், ஏனென்றால் வாடகை குறையும் இடத்தில் பெட்ரோல் கூடிவிடுகிறது.

மாற்றத்தைத் தாங்கும் தன்மை. வேலை மாறலாம், துணைவருக்கு வேறு மூலையில் வேலை கிடைக்கலாம், அலுவலகமே இடம் மாறலாம். அப்போது இந்த வீடு உதவுமா, காலைக் கட்டுமா?

நடந்து போகும் தூரத்தில் மருந்துக் கடை, மளிகை, மருத்துவர், குழந்தைகள் இருந்தால் பள்ளி ஆகியவை இருக்கின்றனவா என்பது ஐந்தாவது. இந்த ஐந்தையும் சம எடையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் இரண்டும் சரியில்லாத வீட்டை மற்ற மூன்றும் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை.

## ஒன்று: மையத்தில் சிறிய வீடு

மையத்தின் பெரிய பலம், எல்லாத் தடங்களும் அங்கேதான் சந்திக்கின்றன என்பது. வேலை வடக்கில் கிடைத்தாலும் தெற்கில் கிடைத்தாலும் பாதித் தூரம் ஏற்கெனவே கடந்தாயிற்று. அதனால் மாற்றத்தைத் தாங்கும் தன்மையில் இதை மிஞ்ச வேறில்லை. காலையில் மற்றவர்கள் உள்ளே வரும்போது நீங்கள் வெளியே போவதாக அமைந்தால் ரயிலில் இடமும் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. சொந்த வாகனம் இருந்தால் அதை நிறுத்துவதற்கே தனியாக ஒரு தொகை போகும். பழைய கட்டடங்களில் பராமரிப்புச் செலவு எதிர்பாராமல் வரும். இரவுச் சத்தம் ஓயாது. வெப்பமும் கூடுதல்: நகரத்தின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிட, குறிப்பாக இரவில், சூடாக இருப்பதை லண்டனில் வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து பதிவு செய்திருக்கிறார். மேல் தளத்தில், குறுக்குக் காற்றோட்டம் இல்லாத ஒற்றை அறையில் இது மின்கட்டணமாக வந்து சேரும்.

தனியாக வருகிறவர்கள், வேலை இன்னும் உறுதியாகாதவர்கள், ஓரிரு ஆண்டுகளில் வேலையை மாற்றும் எண்ணமுள்ளவர்கள் ஆகியோருக்கு இதுவே பொருத்தம். குடும்பத்தோடு வருகிறவர்கள் இடநெருக்கடியை முதல் மாதம் சிரித்துக்கொண்டும் ஆறாவது மாதம் சண்டை போட்டுக்கொண்டும் சமாளிப்பார்கள்.

## இரண்டு: அலுவலகத்துக்குப் பக்கத்தில்

கேட்டவுடன் இதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும். பயண நேரம் 15 நிமிடம்; நிச்சயமோ முழுமையானது; மழையோ வேலைநிறுத்தமோ நடந்து போய்விடலாம். இரவுப் பணியில் இருப்பவர்கள், அவசர அழைப்புக்கு ஓட வேண்டியவர்கள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை.

மற்றவர்கள் யோசிக்க வேண்டும். பரந்த நகரங்களுக்குப் பெரும்பாலும் ஒரே மையம் இருப்பதில்லை; வேலையிடங்கள் ஐந்தாறு கொத்துகளாகச் சிதறிக் கிடக்கும், அவற்றில் சில நெடுஞ்சாலையை ஒட்டி வயல்வெளியில் எழுந்தவை. அப்படிப்பட்ட இடத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் தெரு காலியாகிவிடும், சனி ஞாயிறுகளில் ஒரு மாத்திரை வாங்கவும் வண்டியை எடுக்க வேண்டும். வேலையை விட்டால் வீட்டின் ஒரே நன்மையும் அதோடு போய்விடும். அடுத்த வேலை எதிர்மூலையில் அமைந்தால், நகரத்தின் முழு அகலத்தையும் நாள்தோறும் கடக்கும் நிலை வரும். பக்கத்தில் இருக்கிறார் என்பதாலேயே விடுமுறை நாளிலும் ஒருவரை அலுவலகம் கூப்பிடும் என்பது தனிக் கதை.

இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீடுகளில் இந்தத் தேர்வு இன்னும் சிக்கலாகிறது. ஒருவருக்கு 10 நிமிடம், மற்றவருக்கு 95 நிமிடம் என்றால் சராசரி 52.5 என்று தாளில் அழகாக வரும். ஆனால் இரவுச் சாப்பாடு, குழந்தையை அழைத்து வருவது, வீட்டில் நிலவும் மனநிலை எல்லாம் அந்த 95-ஐ ஒட்டித்தான் அமையும். ஆகவே இருவரின் நேரங்களில் பெரியது எதுவோ அதைத்தான் வீட்டின் நேரமாகக் கொள்ள வேண்டும் என்பது என் கணக்கு. ஒருவருக்கு 40, மற்றவருக்கு 45 என்றிருக்கும் வீடு இதைவிட மேல்.

## மூன்று: ரயில் பாதையோரம், நடுவளையத்தில்

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் ‘ரயில் நிலையம் அருகில்’ என்று விளம்பரத்தில் இருக்கும் எல்லாம் இதில் சேராது என்பதால், இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலில், நிலையத்துக்கு எவ்வளவு அருகில்? திட்டமிடுபவர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு ஏறத்தாழ 800 மீட்டர், அதாவது பத்து நிமிட நடை. அதற்கு மேல் போனால் ஒரு பேருந்தோ ஷேர் வண்டியோ தேவைப்படும். அந்த இணைப்புதான் மொத்தப் பயணத்தின் நிச்சயத்தையும் கெடுக்கும். எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கும் வீடு, நான்கு கிலோமீட்டரில் இருந்தும் நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிட நடையில் இருக்கும் வீட்டைவிட நல்லது.

அடுத்து, வண்டிகள் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? வேகத்தைவிட இதுவே முக்கியம். டோக்கியோவின் யமனோத்தே பாதை 34.5 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வட்டம், 30 நிலையங்கள்; காலை நெரிசலில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வருவதால் அங்கே யாரும் நேர அட்டவணையைப் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் தவறவிட்டதன் விலை நான்கு நிமிடம். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால், செருப்பு அறுந்தாலும் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்லாதவை. வண்டி புறப்படும் நிலையத்தில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். நான்கு நிலையம் தள்ளி ஏறுகிறவர்கள் வழி முழுக்க நின்றுகொண்டு வர வேண்டும். ஐம்பது நிமிடம் உட்கார்ந்து படித்துக்கொண்டு வருவது முப்பத்தைந்து நிமிடம் நசுங்கிக்கொண்டு வருவதைவிட மேல் என்பதால், மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் புறப்பாட்டு நிலையம் பல நேரங்களில் நல்ல பேரமாக அமையும். இரண்டு பாதைகள் சந்திக்கும் நிலையமாக இருந்தால் ஒன்று நின்றுபோகும் நாளில் மற்றொன்று கைகொடுக்கும்; வேலை மாறினாலும் புதிய இடத்துக்கு நேர்வண்டி இருப்பதற்கான வாய்ப்பு இரட்டிப்பாகும்.

மறைமுகச் செலவு என்றால், நிலையத்தை ஒட்டிய வீடுகளுக்கு வாடகை கூடுதலாக இருப்பதும், தண்டவாளத்தின் இரைச்சலும், கடைசி வண்டி போன பிறகு வீடு திரும்புவதற்கு ஆகும் வாடகைக் கார்ச் செலவும்தான். இரவு வெகுநேரம் வேலை செய்யும் தொழிலில் இருப்பவர்கள் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, வாடகையை அதற்குப் பிறகு கேட்கலாம்.

## நான்கு: விளிம்பில் பெரிய வீடு

பெரிய வீடு, குறைந்த வாடகை, மரங்கள், குழந்தைகள் ஓடியாட இடம். ஈர்ப்பு உண்மையானதுதான். ஆனால் வாடகை குறைந்திருப்பதற்கு உரிமையாளரின் தாராள மனம் காரணமல்ல. மையத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை ஏன், எப்படிக் குறைகிறது என்பதைப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ 1964-இலேயே கோட்பாடாக வகுத்திருக்கிறார். தூரத்துக்கான கழிவு ஏற்கெனவே வாடகையில் தரப்பட்டுவிட்டது. அந்தக் கழிவு உங்களுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவளையத்து வீட்டிலிருந்து 45 நிமிடம், விளிம்பு வீட்டிலிருந்து 85 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடுதல். போக வர 80. மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் 1,760 நிமிடம், அதாவது 29 மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் மூன்றரை நாளுக்கும் அதிகம். வாடகையில் மிச்சமாகும் தொகையிலிருந்து கூடுதல் பயணச் செலவைக் கழித்து, மீதியை 29-ஆல் வகுத்தால், உங்கள் ஒரு மணி நேரத்தை என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்பது தெரியும். பலருக்கு அது தங்கள் சம்பளத்தின் மணி நேர அளவில் கால்வாசிகூட வராது.

பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. 2004-இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை மணிமணியாக நினைவுகூரச் சொல்லி நடத்திய ஆய்வில், மனநிறைவில் கடைசி இடத்தில் வந்தது காலைநேர அலுவலகப் பயணம். ஜெர்மனியில் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் புரூனோ பிரை, அலோயிஸ் ஸ்டுட்சர் ஆகியோர், நெடுந்தூரம் பயணம் செய்பவர்களின் வாழ்க்கை நிறைவு குறைவாக இருப்பதையும், பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுசெய்யவில்லை என்பதையும் கண்டார்கள். வீடு பெரிதாக இருப்பதற்குச் சில மாதங்களில் பழகிவிடுகிறோம். நெரிசலோ ஒவ்வொரு நாளும் வேறு விதமாக வருவதால் அதற்குப் பழகுவது கடினம்.

சாலையை அகலப்படுத்துகிறார்களே, அதனால் சரியாகிவிடாதா? ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை விரிவுபடுத்தும் பணி 2008-இல் முடிந்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் நெரிசல் நேரப் பயணம் மீண்டும் நீளத் தொடங்கிவிட்டது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் துரன்டன், டர்னர் இருவரும் 2011-இல் வெளியிட்ட கட்டுரை, சாலை எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுவதைக் காட்டியது.

இவற்றோடு, ஒரு வண்டி போதாமல் இரண்டாவது வண்டி வாங்குவது, ஒவ்வொரு சிறு வேலைக்கும் வண்டியை எடுப்பது, இரவு விருந்துகளுக்கு ‘அவ்வளவு தூரமா’ என்று மெல்ல மெல்லப் போகாமல் விடுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் சொன்னது கணக்குப் புத்தகத்தில் வராது. ஆனால் புதிய ஊரில் நட்புகளை உண்டாக்க வேண்டிய முதல் ஆண்டில் அதன் விலை அதிகம்.

இத்தனைக்கும் பிறகும், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், வேலையிடமே விளிம்பில் இருப்பவர்கள், படியேற முடியாத முதியவர்களோடு தரைத்தள வீட்டைத் தேடுகிறவர்கள் ஆகியோருக்கு விளிம்புதான் நல்லது. மேலே போட்ட கணக்கில் 22 நாளுக்குப் பதில் 8 நாள் என்று வைத்துப் பாருங்கள், விடை தலைகீழாக மாறும்.

| அளவுகோல் | மையம் | அலுவலகத்தருகே | ரயிலோர நடுவளையம் | விளிம்பு |
|---|---|---|---|---|
| கதவு முதல் கதவு வரை நேரம் | நடுத்தரம் | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| நேரத்தின் நிச்சயம் | நன்று | மிக நன்று | வண்டிகளின் இடைவெளியைப் பொறுத்தது | மோசம் |
| வாடகையும் பயணமும் | வாடகை அதிகம், பயணம் குறைவு | இடத்துக்கு இடம் மாறும் | இரண்டும் மிதம் | வாடகை குறைவு, பயணம் அதிகம் |
| வேலை மாறினால் | தாங்கும் | தாங்காது | பெரும்பாலும் தாங்கும் | அரிதாகவே தாங்கும் |
| நடைதூர வசதி | நிறைய | பெரும்பாலும் குறைவு | நிலையத்தைச் சுற்றி உண்டு | குறைவு |

## வரப்போகும் ரயிலை நம்பி வீடு எடுப்பது

விளிம்பு வீடுகளை விற்பவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம், ‘இன்னும் இரண்டு வருடத்தில் இங்கே ரயில் வந்துவிடும்’ என்பது. லண்டனின் எலிசபெத் பாதை 2018 டிசம்பரில் திறக்கப்படுவதாக இருந்தது. அதன் நடுப்பகுதி திறக்கப்பட்டது 2022 மே மாதத்தில். அனுபவமும் பணமும் உள்ள நகரத்திலேயே மூன்றரை ஆண்டுத் தாமதம். வாடகைக்கு எடுப்பவர் இன்று ஓடும் வண்டியை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்குபவருக்கு வேறு நியாயம் இருக்கலாம், ஆனால் வந்த முதல் ஆண்டிலேயே பெருநகரத்தில் வீடு வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## கையெழுத்துப் போடுவதற்கு முன்

நான்கில் எது என்று உறுதியாகத் தெரியாதவர்கள், முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அறைகலன்களோடு கூடிய தற்காலிகத் தங்குமிடத்தை எடுத்துக்கொள்வது, மாத வாடகை கூடுதலாகத் தெரிந்தாலும், தவறான இடத்தில் பதினொரு மாதம் மாட்டிக்கொள்வதைவிட மலிவு. வீட்டுச் சாமான்கள் அனைத்தையும் முதல் நாளே லாரியில் ஏற்றி வந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். சாமான்கள் பின்னால் வரட்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: பாதியில் காலி செய்தால் எவ்வளவு பிடித்தம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். வேலை மாறினால் பிடித்தமில்லாமல் வெளியேறலாம் என்று ஒரு வரியைச் சேர்க்கக் கேட்டுப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் வீடாக இருந்தால் உரிமையாளர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், கேட்பவர்தான் குறைவு.

பிறகு ஒத்திகை. வார நாளில், அலுவலகத்துக்குப் போகும் அதே நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலக வாசல் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும் நாளைத் தேர்ந்தெடுங்கள். திரும்பும்போது மாலை நெரிசலில் வராமல் இரவு பத்து மணிக்கு மேல் வாருங்கள்: நிலையத்தில் இறங்கியதும் எத்தனை பேர் உங்கள் பக்கம் நடக்கிறார்கள், எந்தத் திருப்பத்தில் தெருவிளக்கு எரியவில்லை, எந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டே வீடு வரை நடந்து போங்கள். உங்களோடு அந்த வீட்டில் குடியிருக்கப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தெருவைப் பற்றி அவர் சொல்வது உங்கள் கருத்திலிருந்து வேறாக இருந்தால், அவர் சொல்வதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.